பல்லுக்கு ஒரு வேலை

நாலாவது தண்ணீரைக் கொட்டும்போது மட்டும் சிங்காரவேலுவின் கை ஒரு நொடி நிற்கிறது. முதல் மூன்றும் பச்சைத் தண்ணீர். வட்டமாகச் சீவிய உருளைக்கிழங்குத் துண்டுகளை அகலமான அலுமினியச் சட்டியில் போட்டு அலசினால் முதல் தண்ணீர் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். இரண்டாவது அரை வெளுப்பு. மூன்றாவதில் சட்டியின் அடி தெரிந்துவிடும். அவற்றைக் கொட்டுவதில் அவருக்கு வருத்தமில்லை. நாலாவதுதான் துண்டுகளை ஒரு கொதி வேகவைத்து வடித்த தண்ணீர். லேசாகக் கொழகொழத்து, பார்க்க அசல் வடிகஞ்சி. அது ஆறும்வரை காத்திருந்து, குண்டானோடு கொல்லைக்குத் தூக்கிப் போய், வாழை மரத்தடியில் நின்று, "போ தாயே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கவிழ்க்கிறார். மணி காலை ஐந்து. கொல்லையில் நாலு வாழை இருந்தும் அந்த ஒன்று மட்டும் கொழுத்து நிற்கிறது.

மாட்டுத் தொட்டியில் ஊற்றலாமே என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறார். "தொட்டிக்குப் போற வழியில அடுப்பங்கரை இருக்குதுங்க. என் கையை நானே நம்ப மாட்டேன்."

அவருக்கு வயது அறுபத்திரண்டு. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர். பதினைந்து மா நிலம், ஏக்கர் கணக்கில் ஐந்து, அதில் ஆறு மா குத்தகை. ஆள் ஒல்லி, குரல் மட்டும் கனம். வயலில் நின்று கூப்பிட்டுப் பழகியதால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம்கூட அடுத்த வரப்பில் நிற்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். எதையும் பல்லில் வைத்துப் பார்த்துத்தான் நம்புவார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற மெஷின் எண் சொல்லுமுன் இவர் நாலு நெல்லை வாயில் போட்டு, முன்பல்லால் உடைத்து, "பதினெட்டு" என்பார். மெஷின் பதினேழரை காட்டினால், "அதுக்கு பேட்டரி வீக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன எந்த மெஷினும் நல்ல மெஷின் இல்லை.

அந்தப் பல் எட்டிப் பார்க்காத இடம் அடுப்பங்கரைதான். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் அதற்குள் போனது நெருப்புப் பெட்டி எடுக்கவும், "ஆச்சா?" என்று கேட்கவும் மட்டுமே. மனைவி தர்மாம்பாள் ஊரில் இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வரும். வராவிட்டால் மோரும் ஊறுகாயும். வெந்நீர் வைப்பதையே ஒரு சமையலாகச் சொல்லிக்கொள்கிற கட்சி.

அப்படிப்பட்டவரைச் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் விடியுமுன் எழுப்பி அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார வைத்திருப்பது தர்மாம்பாளின் சிறுநீரகம்.

தர்மாம்பாளுக்கு ஐம்பத்தேழு. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கூட்டுச் சேர்ந்து இரண்டு சிறுநீரகத்தையும் முடித்துவிட்டன. இரண்டு வருடமாக டயாலிசிஸ். மெஷினில் இடம் கிடைத்தது தஞ்சாவூரில்தான். மன்னார்குடி வழியாக இரண்டரை மணி நேரம் பஸ், நாலு மணி நேரம் படுக்கை, திரும்பவும் இரண்டரை மணி நேரம் பஸ். ஊசி வலியை அந்த அம்மாள் பெரிதாகச் சொல்வதில்லை. சாப்பாட்டைத்தான் சொல்வார். உப்பு கூடாது. தண்ணீர் டம்ளரில் அளந்துதான். இளநீர், வாழைப்பழம், கீரை எதுவும் கூடாது. அப்பளம், வடகம், முறுக்கு பக்கமே போகக் கூடாது. மிச்சமிருப்பதெல்லாம் கொழகொழ. இட்லி, குழைந்த சோறு, வேகவைத்துப் பிழிந்த காய்.

தர்மாம்பாளோ கடித்து வாழ்ந்தவர். நடவு ஆட்களுக்கு டீயோடு கொடுக்க முறுக்குப் பிழிந்தால் முதல் முறுக்கு அவர் வாயில்தான் உடையும். ரசம் சாதத்துக்கு இரண்டு அப்பளம் போதாது, மூன்று வேண்டும். சிங்காரவேலு கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் உள்ளே மனைவி சாப்பிடுகிறார் என்பது அந்தச் சத்தத்தில் தெரிந்துவிடும். வியாதி வந்தபிறகு வீட்டில் அந்தச் சத்தம் நின்றுபோனது.

போன தை அறுவடை முடிந்த கையோடு ஒரு செவ்வாய்க்கிழமை, தர்மாம்பாள் புடவை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "நான் வரலைங்க. போதும்." கோபமில்லை, அழுகையில்லை, கடையில் சாமான் வேண்டாம் என்று சொல்வதுபோல் சொன்னார். சிங்காரவேலு கெஞ்சினார், கத்தினார். பஸ் போய்விட்டது. வெள்ளிக்கிழமையும் அதே கட்டில், அதே வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போனார்கள். மருத்துவர் வெளியே வந்து, "இன்னொரு தடவை இப்படி விட்டீங்கன்னா எங்க கையில ஒண்ணும் இல்லைங்க" என்றார். சிங்காரவேலு உள்ளே போய் அதை அப்படியே மனைவியிடம் ஒப்பித்தார். ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்த தர்மாம்பாள் அதைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டார்.

"நாக்கைத்தான் எல்லாருமாச் சேந்து பூட்டிட்டீங்க. பல்லுக்காவது ஒரு வேலை குடுங்க. வர்றேன்."

அந்த டயாலிசிஸ் பகுதியில் உணவு ஆலோசகர் நுஸைபா. அதிராம்பட்டினத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். "கடிச்சா சத்தம் வர்ற மாதிரி ஒண்ணு சொல்லும்மா" என்று கைகட்டி வந்து நின்ற இந்த மனிதரைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. தர்மாம்பாளின் ரத்தப் பரிசோதனைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியில், "உருளைக்கிழங்கு" என்றார்.

"அதுதான் கூடவே கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா!"

"அப்படியே சாப்பிட்டாதான் கூடாதுங்கய்யா. அதுல பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கு. ஒடம்புல ஏறிட்டா இதயத்தைப் புடிச்சிடும். மெல்லிசாச் சீவி, நெறைய தண்ணியில ஊற வச்சு அலசி, ஒரு கொதி வேக வச்சு, அந்தத் தண்ணியையும் கொட்டிட்டீங்கன்னா பாதியாவது போயிடும். உப்பு போடக் கூடாது. பதினஞ்சு துண்டு. மெஷின்ல படுத்து மொத ஒரு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுடணும். வீட்ல கூடாது. அம்மாவோட ரிப்போர்ட்டைப் பாத்துத்தான் சொல்றேன், பக்கத்து பெட்டுக்காரங்களுக்கு நீட்டிடாதீங்க."

சிங்காரவேலுவுக்கு மற்றதெல்லாம் பாதி காதில் விழுந்தது. மெஷினில் படுத்தால்தான் கிழங்கு என்கிற ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

உருளைக்கிழங்கு அவருக்கு அந்நியம். அது ஊட்டியிலிருந்தோ வடக்கேயிருந்தோ லாரியில் வருகிற சங்கதி. அவர் ஊர் களிமண்ணில் அதை யாரும் போட்டுப் பார்த்ததில்லை. ஆனால் அதை அலசிய தண்ணீர் மட்டும் பழகிய முகமாக இருந்தது. வெள்ளையாக மாவு இறங்குவதைப் பார்த்ததும், சத்தெல்லாம் போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் கஞ்சியைக் கீழே கொட்டுகிற வீடு கிடையாது. உப்புப் போட்டுக் குடிப்பார்கள், வேட்டிக்குப் போடுவார்கள், மாட்டுக்கு வைப்பார்கள். ஆகவே முதல் வாரம் ஒரே ஒரு தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு எண்ணெயில் போட்டார். துண்டுகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே அடையாக எழுந்து வந்தன. மேலே கருகல், உள்ளே களி.

"இது என்னங்க, வறட்டியா?" என்றார் தர்மாம்பாள். அதையும் இரண்டு வாய் சாப்பிட்டுத்தான் வைத்தார்.

இரண்டாவது வாரத்திலிருந்து நுஸைபா சொன்னபடியே எல்லாம் செய்தார். அலசினார், ஊறவைத்தார், வேகவைத்தார், வடித்தார். துண்டுகள் பிரிந்து வந்தன, கொஞ்சம் மொறுமொறுப்பும் வந்தது. வடித்த தண்ணீர் குண்டானில் நின்றது. அங்கேதான் அவர் கை தவறு செய்தது. அவ்வளவு கெட்டியான தண்ணீரைக் கொட்ட மனம் வராமல், வியாதிக்காரிக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று, அதை எடுத்து, கிழங்கோடு சேர்த்து மனைவிக்கென்று தானே வைக்கப் பழகியிருந்த ரசத்தில் ஊற்றினார். ஒரு நாள் இல்லை, மூன்று வாரம் ஊற்றினார். ரசம் நாக்குக்கு இதமாக இருப்பதாகத் தர்மாம்பாளும் பாராட்டினார். பாராட்டியதால் இன்னும் தாராளமாக ஊற்றினார்.

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் எண் எகிறிக் கிடந்தது. தர்மாம்பாளுக்குக் கால் துவண்டு, பஸ் படி ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நுஸைபா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாயில் போனதையெல்லாம் வரிசையாகக் கேட்டார். ரசத்துக்கு வந்தார்கள். என்னென்ன போடுகிறீர்கள்? கொஞ்சம் புளி, மிளகு, சீரகம். "தண்ணி?" என்றார் நுஸைபா.

"கொட்ட மனசு வரலைம்மா."

நுஸைபா பரிசோதனைத் தாளை மடித்து வைத்தார். பிறகு, "ஐயா, எதை வேணாம்னு கிழங்குலேருந்து எடுத்தோமோ அதையே ரசத்துல ஊத்திக் குடுத்திருக்கீங்க" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

திரும்பும்போது பஸ்ஸில் மன்னார்குடி தாண்டியதும் தர்மாம்பாள்தான் பேசினார். "விடுங்க. ஆசையாத்தானே ஊத்துனீங்க." அதைக் கேட்டு சிங்காரவேலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். நாலாவது தண்ணீரில் இன்றைக்கும் கை நிற்பது கஞ்சியின் மேல் உள்ள ஆசையால் மட்டும் இல்லை.

ரச விவகாரத்துக்குப் பிறகு மனிதர் வீம்பாகக் கற்றுக்கொண்டார். இப்போது கிழங்கு வாங்குவதிலேயே வேலை ஆரம்பித்துவிடுகிறது. புதுக்கிழங்கு ஆகாது. நகத்தால் கீறித் தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் திரும்ப வைத்துவிடுவார். "இது பச்சப்புள்ளைங்க. எண்ணெயில போட்டா அழுதுக்கிட்டே இருக்கும்." கடைக்கார வள்ளியம்மை இவருக்கென்று சாக்கிலிருந்து முற்றின கிழங்காகப் பொறுக்கி ஒதுக்கி வைக்கிறார். ஒருமுறை ஃப்ரிட்ஜில் வைத்த கிழங்கு எண்ணெயில் விழுந்த வேகத்தில் சிவந்து, வாயில் போட்டால் இனித்தது. அன்றிலிருந்து கிழங்கின் இடம் விதைநெல் மூட்டைக்குப் பக்கத்தில், இருட்டு மூலையில்.

வேகவைத்து வடித்த துண்டுகளைக் கயிற்றுக் கட்டிலில் விரித்த பழைய வேட்டியில் பரப்பி, ஃபேனை ஐந்தில் வைக்கிறார். களத்தில் நெல் காயும்போது காலால் துழாவிப் புரட்டுவதுபோல, ஒற்றை விரலால் துண்டுகளுக்கு நடுவே வரிவரியாகக் கோடு இழுத்துப் புரட்டுகிறார். பிறகு ஒன்றை எடுத்து உதட்டில் வைத்துப் பார்க்கிறார். ஒட்டினால் இன்னும் கால் மணி நேரம். "ஈரத்தோட போட்டா எண்ணெய் தண்ணியோடவே சண்டை போட்டுக்கிட்டு இருக்கும். கெழங்கை எப்பங்க கவனிக்கும்?"

பொரிப்பது கண்ணால் இல்லை, காதால். கடலை எண்ணெய், கனமான இரும்புச் சட்டி. முதலில் சின்னத் தீயில் நிறம் மாறாமல் ஒரு தடவை. எடுத்து ஆறவிட்டு, தீயைக் கூட்டி இன்னொரு தடவை. துண்டுகள் விழுந்ததும் சட்டி கூச்சல் போடும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது. போர்செட் தண்ணீர் இழுக்கிற சத்தத்துக்கும் காற்று இழுக்கிற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் நாலு வயலுக்கு அப்பாலிருந்தே தெரிகிற காது அது. அதைச் சட்டியின் மேல் சாய்த்துக்கொண்டு நிற்பார். கூச்சல் முணுமுணுப்பாகி, முணுமுணுப்பும் ஓயப்போகிற நேரம் பார்த்து ஜல்லிக்கரண்டி இறங்கும். "தண்ணி பேசி முடிக்கணுங்க. அது பேசிக்கிட்டு இருக்கும்போது எடுத்தா மொறுமொறுப்பு வராது." மேலே ஒரு சிட்டிகை மிளகுத் தூள். உப்பில்லாத குறையைச் சத்தம்தான் ஈடுகட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் மகன் ராஜ்குமார், அப்பா கொதிக்கிற எண்ணெயோடு மல்லுக்கட்டுவதைக் கேள்விப்பட்டு, சூடான காற்றிலேயே பொரித்துத் தரும் மெஷின் ஒன்றை ஊர்க்காரரிடம் கொடுத்தனுப்பினான். சிங்காரவேலு ஒரே ஒரு தடவை அதை ஓட்டிப் பார்த்தார். அது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உறுமிவிட்டு, டிங் என்றது. "முடிஞ்சுதுன்னு அதுவா மணி அடிக்குது. கெழங்குல்ல சொல்லணும்?" அந்த மெஷினில் இப்போது வரமிளகாய் இருக்கிறது. மிளகாய் கெடாமல் இருப்பதாக மகனிடம் போனில் நல்ல வார்த்தையும் சொல்லிவிட்டார்.

பொரித்ததைச் சூட்டோடு டப்பாவில் அடைக்கும் தவறை மட்டும் அவர் முதல் நாளிலிருந்தே செய்ததில்லை. அது நெல் கற்றுக்கொடுத்தது. வெயிலில் காய்ந்த நெல்லைச் சூடு தணியாமல் மூட்டை கட்டினால் உள்ளேயே வேர்த்துவிடும். மறுநாள் மூட்டைக்குள் கையை விட்டால் காய்ச்சல்காரன் அக்குள்போல் கொதிக்கும். ஆகவே முறத்தில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, பிஸ்கட் டின்னில் அடுக்குகிறார். டின்னுக்கு அடியில் வறுத்த பச்சரிசியை ஒரு துணி முடிச்சாகக் கட்டிப் போட்டிருக்கிறார். இருக்கிற ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். எண்ணிப் பதினைந்து துண்டு, ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை.

விஷயம் ஊரில் பரவாமல் இருக்குமா? 'கிழங்கு சிங்காரம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பக்கத்து வயல்காரர் சாமிதுரை டீக்கடையில், "என்ன மாமா, கடை எப்பத் தொறக்குறீங்க?" என்று ஆரம்பித்து வைத்தால் ஒரு சுற்று சிரிப்பு ஓடும். சிங்காரவேலுவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் காதுகுத்து வீட்டில் பந்திக்குப் பொரித்துத் தரச் சொல்லி நிஜமாகவே கேட்டு வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "பதினஞ்சுக்கு மேல எனக்குப் பொரிக்கத் தெரியாதுங்க."

தஞ்சாவூரில் மெஷின் ஓட ஆரம்பித்ததும் அவரைப் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். தர்மாம்பாளின் இடது கையில் ஊசிகள். வலது கையால் முதல் துண்டை எடுத்துக் கடிப்பார். அந்தக் குளிர்ந்த நீளக் கூடத்தில், பத்து மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில், 'கறுக்' என்று ஒரு சத்தம் எழும். டெக்னீஷியன் நௌஷாத் எங்கே நின்றாலும் திரும்பிப் பார்த்து, "அம்மா ஸ்டார்ட் பண்ணிட்டாங்க" என்பார். சிங்காரவேலு அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் வெளியே போய் டீ குடிப்பார்.

இந்த ஏற்பாட்டுக்குத் தர்மாம்பாள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "என்னிக்கு நமுத்துப் போயி வருதோ, அன்னியோட சரி. அப்புறம் என்னைய வான்னு கூப்புடக் கூடாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போன தையில் "போதும்" என்று சொன்னபோதும் அவர் முகத்தில் கோபம் இல்லையே. சிங்காரவேலு அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி உயிரோடு இருப்பது பதினைந்து துண்டுக் கிழங்கின் மொறுமொறுப்பில் இருக்கிறது என்றுதான் நம்பினார். எட்டு மாதத்தில் அறுபது தடவைக்கு மேல் அந்த டின் தஞ்சாவூர் போய் வந்தது. ஒரு தடவைகூட நமத்ததில்லை.

கார்த்திகையில் வந்தது வினை. திங்கட்கிழமை மத்தியானம் பிடித்த மழை செவ்வாய் விடிந்தும் விடவில்லை. கரண்ட் இல்லை. ஃபேன் நின்றுபோன வீட்டில், வேட்டியில் கிடந்த துண்டுகள் காய மறுத்தன. பனையோலை விசிறியை எடுத்து வீசினார். ஈரக் காற்றை ஈரத்தின் மேல் வீசி என்ன ஆகும்? உதட்டில் வைத்தார், ஒட்டியது. கை ஓயும்வரை வீசிவிட்டு மறுபடி வைத்தார், ஒட்டியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வேறு வழியில்லாமல் எண்ணெயில் போட்டார். சட்டி கூச்சல் போட்டது. ஓட்டின் மேல் மழையும் கூச்சல் போட்டது. எது எதன் சத்தம் என்று பிரித்தறிய அந்தக் காதாலும் முடியவில்லை. குத்துமதிப்பாக அள்ளினார். முறத்தில் கொட்டியபோது கலகலவென்றுதான் விழுந்தது. அந்தக் கலகலப்பு எத்தனை நாழிக்கு என்பதுதான் அவருக்குப் பயம்.

பஸ் வடுவூரை நெருங்கும்போது நின்றுவிட்டது. வாய்க்கால் கரை உடைந்து ரோட்டில் முழங்கால் தண்ணீர். முன்னால் நாலைந்து வண்டிகள். டின் நனையக் கூடாதே என்று சிங்காரவேலு அதைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்து அணைத்துக்கொண்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, உடம்புச் சூட்டில் டின் உள்ளே வேர்க்குமே! அவசரமாக எடுத்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்தார். திறந்து பார்க்கவும் முடியாது. திறந்தால் ஈரக் காற்று உள்ளே போகும். மூட்டை கட்டத் தெரிந்த மனிதர், பதற்றத்தில் அரை மணி நேரம் மூட்டையை அடுப்பு மேல் வைத்ததுபோல் வைத்திருந்திருக்கிறார். தன் மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது.

பஸ்ஸில் பேச்செல்லாம் பயிரைப் பற்றித்தான். சம்பா எத்தனை நாள் தண்ணீருக்குள் தாங்கும், கணக்கெடுக்க எப்போது வருவார்கள். சிங்காரவேலுவின் பதினைந்து மாவும் முதல் நாள் சாயங்காலத்திலிருந்து முழுகித்தான் கிடந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பி, "உங்க பக்கம் எப்படிண்ணே?" என்றார்.

"நமுத்துப் போயிருக்கும்" என்றார் சிங்காரவேலு.

கேட்டவர் விளங்காமல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஜன்னலோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த தர்மாம்பாளுக்குக் கால் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உடம்பில் சேர்ந்த தண்ணீர் மூச்சை இழுத்துப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. "ஏங்க, எறங்கி எதுத்த பஸ்ஸுல திரும்பிடலாமா?" என்று கேட்டார். சிங்காரவேலு மடியில் இருந்த டின்னை விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். தர்மாம்பாள் டின்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சீட்டில் சாய்ந்தார்.

பத்து மணிக்குப் போக வேண்டியவர்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு. நௌஷாத் படுக்கையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். எடை பார்த்தார்கள், மூன்று கிலோ கூடியிருந்தது. ஊசி ஏறியது, மெஷின் ஓடியது. கூப்பிட்டதும் சிங்காரவேலு டின்னோடு உள்ளே போய், கட்டில் ஓரத்தில் நின்று மூடியைத் திறந்தார்.

திறந்ததுமே தெரிந்துவிட்டது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருந்தன. டின்னை ஆட்டினார். அறுபது தடவை கலகலத்த டின்னில் இன்று சத்தமே இல்லை.

"தர்மு" என்றார். அந்தக் கூடத்தில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "நமுத்துப் போச்சு. கரண்டு இல்லை. சட்டைக்குள்ள வேற வச்சுட்டேன். நான் என்ன பண்ணுவேன்?"

தர்மாம்பாள் டின்னை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்தார். அது விரலிலேயே வளைந்தது. வாயில் போட்டார். சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. வேறு சத்தம் எதுவும் வரவில்லை. தர்மாம்பாள் நிதானமாக மென்று விழுங்கி, இரண்டாவதை எடுத்தார்.

அடுத்த படுக்கையில் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த நௌஷாத் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?"

"ஒன் மெஷின் போடுற சத்தத்துல ஒனக்கு எங்கப்பா கேக்கும்?" என்றார் தர்மாம்பாள். "மொறுமொறுன்னுதான் இருக்கு."

சிங்காரவேலு நிமிர்ந்து பார்த்தார். தர்மாம்பாள் அவரைப் பார்க்கவில்லை. மூன்றாவது துண்டை டின்னில் உதிர்ந்து கிடந்த மிளகுத் தூளில் ஒற்றிக்கொண்டே, "மழை விடுற மாதிரி தெரியலை. வெள்ளிக்கெழமை ஒரு மணி நேரம் முன்னாடியே கெளம்பிடணும்" என்றார்.

"குடுத்துடு தர்மு. வெளிய போட்டுடுறேன்" என்று சிங்காரவேலு டின்னை எடுக்கக் கையை நீட்டினார்.

தர்மாம்பாள் டின்னை வெடுக்கென்று தன் இடுப்போரம் இழுத்துக்கொண்டு, அதன் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.